பால்குடி மாறாத பிள்ளையும் கதிரியக்க அயடீன் சிகிச்சையும்

வடமராட்சியிலிருந்து ஒரு தாய் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

வயது 32. ஆரம்பப் பாடசாலை ஆசிரியை. கணவர் கட்டாரில் வேலை செய்கிறார். பத்து மாதப் பெண் குழந்தை இன்னும் தாய்ப்பால் குடிக்கிறது. பிள்ளை பிறந்து சில மாதங்களில் கழுத்தின் முன்புறம் ஒரு கட்டி தட்டுப்பட்டது. ஊசியால் எடுத்துச் சோதித்ததில் தைரொயிட் சுரப்பியில் புற்றுநோய் என்று தெரிந்தது. ஏழு வாரங்களுக்கு முன்னர் சுரப்பி முழுவதையும் அகற்றிவிட்டார்கள். அடுத்த கட்டமாக மகரகமவிலுள்ள புற்றுநோய் வைத்தியசாலைக்கு அனுப்பிக் கதிரியக்க அயடீன் கொடுப்பது பற்றிப் பேசியிருக்கிறார்கள். அன்றிலிருந்து வீட்டில் நிம்மதி இல்லை. ஒரு வருடத்துக்குப் பிள்ளையைத் தொடவே கூடாது என்கிறார் மாமி. முழுதாகக் குணமாகும்வரை வகுப்புக்கு வரவேண்டாம் என்கிறார் அதிபர். சேர்னோபிலில் பிள்ளைகளுக்குப் புற்றுநோய் வந்தது இதே அயடீனால்தான் என்று ஒரு உறவுக்காரப் பையன் இணையத்தில் படித்துவிட்டுச் சொல்கிறான். கனடாவிலுள்ள அக்காவோ, முதலில் பெட் ஸ்கான் (கதிரியக்கப் பொருளை ஏற்றி உடலைப் படமெடுக்கும் முறை) எடு, சென்னைக்குப் போனால் லுட்டீசியம் என்ற புதிய மருந்து இருக்கிறது, பணம் நான் அனுப்புகிறேன் என்கிறார். இவரோ ஒரு கிழமைக்குப் பால் கொடுப்பதை நிறுத்தி, மருந்தை எடுத்துவிட்டு, மறுபடியும் பால் கொடுக்கலாம் என்று நினைத்திருக்கிறார். சிகிச்சைக்கு முன் நிறுத்தவேண்டும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, எடுத்த சுரப்பியின் ஹோர்மோனுக்கு ஈடாகக் குடிக்கும் தைரொக்சின் குளிசையையும் இரண்டு வாரமாக விட்டுவிட்டார். கடிதத்தின் கடைசி வரியில், கைவிரல் நுனியும் உதட்டோரமும் சில நாட்களாக விறுவிறுக்கின்றன, கல்சியம் குளிசை முடிந்து போனது, அது பெரிய விடயமல்ல என்றும் எழுதியிருக்கிறார்.

அன்புள்ள சகோதரி,

அந்தக் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன். தைரொயிட் சுரப்பியை ஒட்டி நான்கு சிறிய சுரப்பிகள் உண்டு. இரத்தத்தில் கல்சியத்தின் அளவைப் பேணுவது அவற்றின் வேலை. அறுவைச் சிகிச்சையின்போது அவற்றுக்கு இரத்த ஓட்டம் குறைந்து, சில வாரங்களோ மாதங்களோ அவை சோர்ந்து போவது பலருக்கு நடக்கும். விரல் நுனியும் உதட்டோரமும் விறுவிறுப்பது அதன் முதல் அறிகுறி. கவனிக்காமல் விட்டால் கை கால் தசைகள் இறுகிப் பிடித்துக்கொள்ளும். இதயத் துடிப்பும் குழம்பும். நீங்கள் பால் கொடுப்பவர் என்பதால் உங்கள் உடலிலிருந்து கல்சியம் மேலும் போகிறது. அடுத்த கிளினிக் நாள் வரை காத்திருக்காமல், இதை வாசிக்கும் இன்றே அருகிலுள்ள வைத்தியசாலைக்குப் போய், தைரொயிட் எடுத்தவர் என்று சொல்லி, இரத்தத்தில் கல்சியம் பார்க்கச் சொல்லுங்கள்.

தைரொக்சினையும் நாளை காலையே பழைய அளவில் மீண்டும் தொடங்குங்கள். வெறும் வயிற்றில் குடித்துவிட்டு, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துத் தேநீரோ உணவோ எடுக்கலாம். கல்சியம் குளிசையை நான்கு மணி நேரம் தள்ளி எடுங்கள். இரண்டையும் சேர்த்துக் குடித்தால் தைரொக்சின் உடலில் சரியாகச் சேராது. கதிரியக்க அயடீனுக்கு முன் தைரொக்சினை நிறுத்துவது உண்டு என்பது உண்மை. மருந்து தரும் தேதி உறுதியான பின்னர், வைத்தியர் சொல்லி, ஏறக்குறைய நான்கு வாரங்களுக்கு நிறுத்துவார்கள். உங்களுக்கு இன்னும் தேதியே இல்லை. இலங்கையில் அணு உலை கிடையாது; இந்த அயடீன் வெளிநாட்டிலிருந்து வருகிறது. வருவதில் தாமதம் என்றால் தேதி தள்ளிப்போகும். தேதி இல்லாமல் குளிசையை நிறுத்தியவர் உடல் வீங்கி, மனம் சோர்ந்து, குளிர் தாங்காமல், காரணமின்றி அவதிப்படுவதுதான் மிச்சம். நீங்கள் எழுதிய அலுப்பிலும் அழுகையிலும் ஒரு பங்கு இந்த இரண்டு வாரத்தின் வேலை என்று நான் நினைக்கிறேன்.

இது என்ன மருந்து?

ஊரில் இதையும் "கறண்ட் பிடிப்பது" என்று சொல்லிவிடுகிறார்கள். அது வேறு, இது வேறு. வெளியே ஓர் இயந்திரத்திலிருந்து கதிரைச் செலுத்துவது கதிர்வீச்சுச் சிகிச்சை. உங்களுக்குப் பேசப்படுவது அணு மருத்துவம். ஒரு குளிசையை விழுங்குகிறீர்கள். அந்த மருந்து தானாகவே போய்ச் சேரவேண்டிய இடத்தில் சேர்ந்து, அங்கிருந்து கதிரை விடுகிறது. உடலில் அயடீனைத் தேடிப் பிடித்துச் சேர்த்துவைக்கும் முக்கிய உறுப்பு தைரொயிட்தான். அதிலிருந்து பிறந்த புற்றுநோய்க் கலங்களில் பெரும்பாலானவையும் அந்தக் குணத்தை விட்டுவிடுவதில்லை. அயடீன்-131 விடும் பீட்டாக் கதிர் ஓரிரு மில்லிமீற்றர் தூரத்துக்கு மேல் போகாது. எனவே அயடீன் சேர்ந்த இடத்தையே அது தாக்குகிறது. அதே அயடீன் காமாக் கதிரையும் விடுகிறது. அது உடலைக் கடந்து வெளியே வரும். சில நாட்கள் கழித்து உங்களை ஒரு கமெராவின் கீழ் படுக்கவைத்து, மருந்து எங்கெங்கே போய்ச் சேர்ந்தது என்று படமெடுப்பது அதைக்கொண்டுதான்.

ஒரே மருந்தால் நோயைக் காண்பதும் நோயைத் தாக்குவதும் இன்று உலகெங்கும் அணு மருத்துவத்தின் பெரிய முன்னேற்றமாகப் பேசப்படுகிறது. ஆனால் அந்த வழிக்கு முதல் முன்மாதிரி உங்களுக்குச் சொல்லப்பட்ட இந்த அயடீன்தான். 1941இல் அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் சோல் ஹேர்ட்ஸ் என்ற வைத்தியர், தைரொயிட் அளவுக்கு மீறிச் சுரந்த ஒரு நோயாளிக்கு முதன்முதலாகக் கதிரியக்க அயடீன் கொடுத்தார். சில ஆண்டுகளில் தைரொயிட் புற்றுநோய்க்கும் அது வந்துவிட்டது. எண்பது ஆண்டுகளுக்கு மேலாக மனிதர்களிடம் பயன்பட்டு, நன்மையும் தீமையும் நன்றாக அறியப்பட்ட மருந்து இது. யாரும் உங்கள் உடலில் பரிசோதனை நடத்தவில்லை.

இது உங்களுக்குத் தேவையா?

இந்தக் கேள்வியை நீங்கள் கேட்கவில்லை. கேட்டிருக்கவேண்டும். அயடீன் என்றதும் அதைத் தவிர்க்கமுடியாத தீர்ப்பாக நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள். வீட்டிலுள்ளவர்களும் அப்படியே எடுத்துக்கொண்டு, அதன் பயங்களைப் பேசத் தொடங்கிவிட்டார்கள்.

நீங்கள் பார்த்து எழுதி அனுப்பிய ஆய்வறிக்கை வரிகளின்படி, இது பப்பிலரி வகைப் புற்றுநோய்; கட்டி 1.8 சென்ரிமீற்றர், சுரப்பிக்கு வெளியே பரவவில்லை. தைரொயிட் புற்றுநோய்களில் மிகப் பெரும்பாலானவை இந்த வகைதான். இந்த அளவில், சுரப்பிக்குள்ளேயே அடங்கியிருந்தால், குணமாகும் வாய்ப்பு மிக மிக அதிகம். முன்பெல்லாம் இப்படியானவர்கள் அனைவருக்கும் சுரப்பி எடுத்த கையோடு அயடீன் கொடுப்பது வழக்கமாக இருந்தது. பிரான்சில் 776 நோயாளிகளை இரு பிரிவாக்கி நடந்த ஓர் ஆய்வின் முடிவு 2022இல் வெளியானது. எல்லோருக்கும் இரண்டு சென்ரிமீற்றர் வரையிலான, பரவாத கட்டிகள். ஒரு பிரிவினருக்கு 30 மில்லிகியூரி (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) அயடீன் கொடுத்தார்கள். மற்றப் பிரிவினருக்கு எதுவும் கொடுக்காமல் கண்காணித்தார்கள். மூன்று ஆண்டு முடிவில் இரு பிரிவிலும் ஏறத்தாழ 96 சதவீதமானோர் எந்தச் சிக்கலுமின்றி இருந்தார்கள். வேறுபாடு என்று சொல்ல ஒன்றுமில்லை. அதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன், 2012இல் பிரித்தானியாவிலும் பிரான்சிலும் வெளியான இரண்டு ஆய்வுகள் இன்னொன்றைக் காட்டின: அயடீன் கொடுக்கத்தான் வேண்டும் என்றாலும், ஆபத்துக் குறைந்தவர்களுக்கு 100 மில்லிகியூரி வேண்டியதில்லை, 30 போதும்.

என் துறையின் முன்னேற்றம் என்று யாராவது கேட்டால், புதிய இயந்திரங்களுக்கு முன்னால் நான் இதைத்தான் சொல்வேன். யாருக்குக் கொடுக்காமல் விடலாம், கொடுத்தால் எவ்வளவு குறைவாகக் கொடுக்கலாம் என்று இன்று நமக்குத் தெரியும்.

இதை வாசித்தவுடன் மகரகமவுக்குப் போவதில்லை என்று முடிவெடுத்துவிடாதீர்கள். நீங்கள் அனுப்பியது அறிக்கையின் முதல் பக்கம் மட்டுமே. முடிவு இரண்டாம் பக்கத்தில் இருக்கலாம். கட்டி இரத்தக் குழாய்க்குள் நுழைந்திருக்கிறதா, வெட்டிய ஓரத்தில் நோய்க் கலம் இருந்ததா, பப்பிலரியிலும் வேகமாகப் பரவும் உட்பிரிவா, கழுத்து நிணநீர்க் கணுக்களில் ஏதேனும் இருந்ததா என்பவற்றை அறிந்தால்தான் வைத்தியரால் ஒரு முடிவுக்கு வரமுடியும். அறுவைக்குப் பிந்திய தைரோகுளோபுலின் என்ற இரத்தப் பரிசோதனையும் வேண்டும். தைரொயிட் கலங்கள் மட்டுமே உண்டாக்கும் புரதம் அது. சுரப்பியை எடுத்த பிறகும் அது கூடுதலாக இருந்தால், எங்கோ எச்சம் இருக்கிறது என்று பொருள். இவற்றில் ஏதாவது பாதகமாக இருந்தால் நிலைமை மாறும். அப்போது அயடீன் உங்களுக்கு உண்மையான பாதுகாப்பு, அதைப் பயத்தால் தள்ளிப்போடுவதுதான் தவறாகும்.

முழு அறிக்கையின் பிரதியைக் கேட்டு வாங்கிக் கிளினிக் கொப்பியோடு வைத்திருங்கள். அது உங்கள் உடலைப் பற்றிய அறிக்கை, கேட்கத் தயங்கவேண்டியதில்லை. பிறகு வைத்தியரிடம் நேராகக் கேளுங்கள்: "என் நோய் எந்த ஆபத்துப் பிரிவு? அயடீன் இல்லாமல் கண்காணித்தால் எனக்கு என்ன நட்டம்? கொடுப்பதானால் எத்தனை மில்லிகியூரி, ஏன்?" நல்ல வைத்தியர் எவரும் இந்தக் கேள்விகளால் மனம் நோகமாட்டார். மகரகமவில் மொழி தடையாக இருந்தால் தமிழ் தெரிந்த ஒருவரை வைத்து விளக்கும்படி கேளுங்கள். தமிழ் இந்த நாட்டின் அரசகரும மொழிகளில் ஒன்று; விளங்காத தாளில் ஒப்பமிடவேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை.

தாய்ப்பால்: இங்கே விட்டுக்கொடுக்க இடமில்லை

மாமியும் அதிபரும் சொன்னவற்றுக்குப் பயந்த நீங்கள், உண்மையிலேயே பயப்படவேண்டிய இடத்தில் பயப்படவில்லை. ஒரு கிழமை பாலை நிறுத்திவிட்டு மறுபடி கொடுக்கலாம் என்ற எண்ணத்தை இப்போதே விட்டுவிடுங்கள்.

பால் சுரக்கும் மார்பகமும் தைரொயிட்டைப்போல அயடீனை இழுத்துச் சேர்க்கும். சுரப்பு நிற்கும் முன் மருந்தை எடுத்தால், உங்கள் மார்பகத்துக்கு வேண்டாத கதிர் போகும். மருந்துக்குப் பின் பால் கொடுத்தால், பாலோடு கதிரியக்க அயடீன் பிள்ளையின் வயிற்றுக்குப் போய், அவளது சின்னஞ்சிறு தைரொயிட்டில் சேரும். அந்தச் சுரப்பி நிரந்தரமாகக் கெட்டுவிடலாம். பிற்காலத்தில் புற்றுநோயும் வரலாம். உங்கள் உறவுக்காரப் பையன் சேர்னோபிலைப் பற்றிச் சொன்னது பொய்யல்ல. 1986இல் அந்த அணு உலை வெடித்தபோது பரவியதில் அயடீன்-131உம் இருந்தது. அது புல்லில் படிந்து, பசுவின் பாலில் வந்து, பிள்ளைகளின் தைரொயிட்டில் சேர்ந்தது. பின்னாட்களில் பிள்ளைகளிடையே தைரொயிட் புற்றுநோய் பெருகியதற்கு அதுவே முக்கிய காரணம். அவன் அதை உங்களுக்கு ஆபத்து என்று எடுத்துக்கொண்டான். சுரப்பியே எடுக்கப்பட்ட வளர்ந்த ஒருவருக்கு மருத்துவ அளவில் கொடுக்கும்போது அந்தக் கதை பொருந்தாது. பால் குடிக்கும் உங்கள் பிள்ளைக்குத்தான் அது பொருந்தும்.

ஆகவே அயடீன் என்று முடிவானால், குறைந்தது ஆறு வாரங்களுக்கு முன்பே, முடிந்தால் மூன்று மாதங்களுக்கு முன்பே, தாய்ப்பாலை முழுதாக நிறுத்தவேண்டும். இந்தப் பிள்ளைக்கு மீண்டும் தொடங்கவே கூடாது. அடுத்த பிள்ளைக்குத் தாராளமாகக் கொடுக்கலாம். நோயைப் பார்க்கும் வைத்தியர்களிடம் பால் கொடுக்கிறேன் என்று நீங்கள் இன்னும் சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதை முதல் வேலையாகச் சொல்லுங்கள். கேட்டால்தான் சொல்வது என்று இருக்கவேண்டாம்.

இதில் உங்களுக்கு ஒரு ஆறுதலும் இருக்கிறது. நீங்கள் சொன்ன அளவிலான நோயில் சில மாதத் தாமதத்தால் கெடுதி வருவதில்லை. அவசரமாகப் பாலை அறுக்கவேண்டியதில்லை. அயடீன் வேண்டாம் என்று முடிவானால் பாலை நிறுத்தவே தேவையில்லை. தைரொக்சின் குடித்துக்கொண்டே பால் கொடுக்கலாம். அதனால்தான் முதலில் அந்தக் கேள்விக்கு விடை தேடச் சொல்கிறேன். வேண்டும் என்று முடிவானால், பத்து மாதப் பிள்ளைக்குக் கஞ்சியும் குழைத்த சோறும் பழகியிருக்கும். இரவுப் பாலைக் கடைசியாக விட்டுப் படிப்படியாக நிறுத்தலாம். குடும்பநல உத்தியோகத்தரிடம் பேசினால் வழி சொல்வார்.

மருந்து கொடுக்கும் அன்று கர்ப்பமில்லை என்று பரிசோதித்து உறுதி செய்வார்கள். கணவர் வருடாந்த விடுமுறையில் வந்துபோனாலும் வராவிட்டாலும் அந்தப் பரிசோதனை நடக்கும். அதை அவமானமாக எடுக்கவேண்டாம். அடுத்த பிள்ளைக்கு ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை பொறுக்கச் சொல்வார்கள். அதற்குள் ஹோர்மோன் அளவும் நிலைப்படும், இன்னொரு தடவை அயடீன் தேவையா என்பதும் தெளிவாகும். பிள்ளைப்பேறு போய்விடும் என்று யாரோ பயமுறுத்தியதாக எழுதியிருந்தீர்கள். சிலருக்குச் சில மாதங்கள் மாதவிடாய் ஒழுங்கு தவறும். வழக்கமான ஒரு தடவைச் சிகிச்சைக்குப் பின் பிள்ளை பெற்றவர்கள் உலகெங்கும் ஏராளம். தலைமுடியும் இந்த மருந்தால் கொட்டுவதில்லை. தைரொக்சின் இல்லாத வாரங்களில் முடி மெலியலாம், பின்னர் வளரும்.

கூழும் மாசிச் சம்பலும்

மருந்துக்கு முந்திய ஒன்று இரண்டு வாரங்கள் அயடீன் குறைந்த உணவு உண்ணவேண்டும். காய்ந்த நிலம் முதல் மழையை உறிஞ்சுவதைப்போல, சாதாரண அயடீன் கிடைக்காமல் காத்திருக்கும் கலங்கள் கதிரியக்க அயடீனை முழுதாக இழுத்துக்கொள்ளும்.

யாழ்ப்பாணத்துக் குடும்பத்துக்கு இது லேசான வேலை அல்ல. நண்டும் இறாலும் கணவாயும் மீன்தலையும் போட்ட ஒடியல் கூழ் நிச்சயம் கூடாது. கடலுணவு எதுவும் கூடாது, கருவாடும் அப்படியே. பலர் மறந்துவிடுவது மாசி என்ற உலர்ந்த மீன். சம்பலில் ஒரு கரண்டி மாசித்தூள் போட்டிருப்பார்கள். சைவச் சாப்பாடு என்று நினைத்துச் சாப்பிடுவோம். பால்மா போட்ட தேநீர், தயிர், முட்டை மஞ்சட்கரு ஆகியவையும் வேண்டாம். கடையில் வாங்கும் உப்பு அயடீன் சேர்த்தது. கடைப் பாணிலும் வடையிலும் இருப்பது அதே உப்புத்தான். எனவே அந்த நாட்களில் வீட்டுச் சமையலே நல்லது. எந்த உப்பைப் பாவிக்கலாம் என்று சிகிச்சை நிலையத்திலேயே கேளுங்கள். கடலிலிருந்து எடுத்த கட்டி உப்பு பாதுகாப்பானது என்று நீங்களாக முடிவெடுக்கவேண்டாம்.

சாப்பிடக்கூடியவையும் நிறைய உண்டு. சிவப்பரிசிச் சோறு, பிட்டு, இடியப்பம், தேங்காய்ப்பால் விட்ட சொதி, கத்தரிக்காய், முருங்கைக்காய், மரவள்ளி, வாழைப்பழம், வெறும் தேநீர். சில இருமல் மருந்துகளிலும் விற்றமின் குளிசைகளிலும் அயடீன் இருக்கும், கேட்காமல் எடுக்காதீர்கள். நரம்பில் சாயம் ஏற்றிச் சி.டி. ஸ்கான் எடுக்கலாம் என்று யாராவது சொன்னால், அயடீன் சிகிச்சைக்குக் காத்திருக்கிறேன் என்று உடனே சொல்லுங்கள். அந்தச் சாயத்தில் அயடீன் மிகுதியாக இருப்பதால் சிகிச்சை வாரக்கணக்கில் தள்ளிப்போகும். தைரொக்சினை நிறுத்தாமலேயே உடலைத் தயார்ப்படுத்தும் ஓர் ஊசியும் இருக்கிறது, விலை கூடியது. உங்களுக்கு அது கிடைக்குமா என்று கேட்டுப் பார்க்கலாம்.

அந்த அறையிலும் அதற்குப் பின்னும்

தனி அறை, அதற்கென்றே தனிக் கழிவறை. மருந்து ஈயத்தாலான கனத்த குடுவைக்குள் வரும். தண்ணீரோடு ஒரே விழுங்கு. ருசி இல்லை, வலி இல்லை. அதன்பின் ஊழியர்கள் வாசலோரம் நின்று பேசுவார்கள். கையில் அளவுமானியோடு வருபவரும் தூரத்தில் நின்றுதான் பிடிப்பார். அவர்கள் உங்களை அருவருப்பதாக நினைக்காதீர்கள். தூரம் இரட்டிப்பானால் கதிர் நாலில் ஒன்றாகும். நாள்தோறும் நோயாளிகளோடு வேலை செய்பவர்கள் தம்மைக் காத்துக்கொள்ளும் முறை அது. கதிரியக்கப் பொருளைக் கையாள்வதற்கு 2014ஆம் ஆண்டின் 40ஆம் இலக்க அணுசக்திச் சட்டத்தின் கீழ் அனுமதியும் கண்காணிப்பும் உண்டு.

நிறையத் தண்ணீர் குடியுங்கள். சுரப்பியில் ஒட்டாத அயடீனில் பெரும்பகுதி முதல் இரண்டு நாட்களில் சிறுநீரோடு போய்விடும். உமிழ்நீர்ச் சுரப்பிகளும் கொஞ்சம் அயடீனை இழுப்பதால் கன்னம் வீங்கி, வாய் காய்ந்து, சில வாரங்கள் ருசி மாறியிருக்கலாம். புளிப்பு இனிப்பு எதையாவது எப்போது வாயில் போடத் தொடங்கலாம் என்று அங்கேயே சொல்வார்கள். வருங்காலத்தில் இன்னொரு புற்றுநோய் வரும் ஆபத்து, பல தடவைகள் பெரிய அளவில் எடுத்தவர்களிடம் கூடுகிறது. ஒரு தடவை குறைந்த அளவில் எடுப்பவருக்கு அது மிகச் சிறியது. ஆனாலும் இல்லவே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். தேவை இல்லாதவருக்குக் கொடுக்கக்கூடாது என்று நான் வலியுறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

உங்களிடமிருந்து வரும் கதிரை அளந்து, விதித்த அளவுக்குக் கீழே இறங்கிய பின்னரே வீட்டுக்கு விடுவார்கள். அயடீன்-131இன் அரைவாழ்வு எட்டு நாட்கள். ஒவ்வொரு எட்டு நாளும் எஞ்சியது பாதியாகும்; உடல் வெளியேற்றுவது அதற்கு மேலதிகம். மாமி சொன்ன ஒரு வருடத்துக்கு எந்த ஆதாரமும் இல்லை. சில நாட்களிலிருந்து மூன்று வாரம் வரை பிள்ளையை மடியில் வைத்திருப்பதையும் பக்கத்தில் படுக்கவைப்பதையும் தவிர்க்கச் சொல்வார்கள். எத்தனை நாள் என்பது கொடுத்த அளவைப் பொறுத்தது. அதை எழுதித் தரும்படி கேளுங்கள். அந்த நாட்களில் தனிப் படுக்கை, தனித் துவாய், தனிக் கோப்பை. உடுப்பைத் தனியே தோய்க்கவேண்டும். கழிவறையில் இரண்டு முறை தண்ணீர் விடவேண்டும். அறைக்கு மறுபக்கம் நின்று பிள்ளையைக் கொஞ்சலாம், பாட்டுப் பாடலாம். தவழ்ந்து வரும் பிள்ளையை அப்பால் பிடித்துவைக்க ஒருவர் வீட்டில் இருக்கவேண்டும். அதற்கு மாமியை விட்டால் யார்? அவரைப் பகைக்காமல், அடுத்த கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். வைத்தியர் வாயால் ஒரு முறை நாள்க்கணக்கைக் கேட்டால், ஒரு வருடம் என்று சொன்னவரே உங்களுக்குக் காவல் நிற்பார்.

பாடசாலை விடயமும் அப்படித்தான். சின்னப் பிள்ளைகளின் வகுப்பு என்பதால் மூன்று வாரம் வரை விடுப்புத் தேவைப்படலாம். அதன் பின்னர் வகுப்பில் நிற்க எந்தத் தடையும் இல்லை. எந்தத் தேதியிலிருந்து கடமைக்குத் திரும்பலாம் என்று வைத்தியசாலையில் கடிதம் வாங்கி அதிபரிடம் கொடுங்கள். இன்றைய நிலையில் உங்கள் உடலில் சிகிச்சையால் வந்த கதிரியக்கம் துளியும் இல்லை. அயடீன் எடுக்கும்முன் உங்களை வகுப்புக்கு வரவேண்டாம் என்று சொல்ல அவருக்குக் காரணமே இல்லை.

அக்கா சொல்லும் பெட் ஸ்கானும் லுட்டீசியமும்

அக்காவின் அக்கறை பெரியது. தகவல்தான் இடம் மாறி வந்திருக்கிறது. பெட் ஸ்கானில் பொதுவாகப் பாவிப்பது புளோரின்-18 ஏற்றிய ஒரு வகைக் குளுக்கோசு. வேகமாக வளரும் புற்றுநோய்கள் அதை அள்ளிக் குடிக்கும். உங்களுடையது போன்ற மெதுவான பப்பிலரி வகை அதைப் பெரிதாக எடுப்பதில்லை. தைரோகுளோபுலின் உயர்ந்திருந்தும் அயடீன் படத்தில் ஒன்றும் தெரியாதவர்களுக்கு பெட் மிகவும் உதவும். உங்கள் நிலையில் முதல் படமாக அதை எடுப்பது வீண் செலவு. அந்தப் புளோரினின் அரைவாழ்வு 110 நிமிடம் மட்டுமே. எட்டு மணி நேரம் பஸ்ஸில் வைத்து யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவந்தால் இருபதில் ஒரு பங்குதான் எஞ்சியிருக்கும். மூலை முடுக்கெல்லாம் பெட் ஸ்கான் இல்லாமைக்கு அதுவும் ஒரு காரணம்.

லுட்டீசியம்-177 நல்ல மருந்துதான். அயடீனின் அதே வழியை மற்றப் புற்றுநோய்களுக்கும் திறந்துவிட்டது அது. அயடீனைத் தானாகத் தேடாத கலங்களைப் பிடிக்க, அவற்றின் மேற்பரப்பில் ஒட்டும் ஒரு மூலக்கூறோடு லுட்டீசியத்தை இணைத்துச் செலுத்துகிறார்கள். குடலிலும் கணையத்திலும் வரும் ஒரு வகை நரம்பு-ஹோர்மோன் கட்டிகளுக்கு 2018இலும், பரவிய சில புரொஸ்டேட் புற்றுநோய்களுக்கு 2022இலும் அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்தது. உங்கள் நோய்க்கு அது மருந்து அல்ல. அயடீனை ஏற்கும் தைரொயிட் கலத்துக்கு அயடீனை விடப் பொருத்தமானது இன்னும் வரவில்லை. புரொஸ்டேட் நோயோடு இருக்கும் உங்கள் சித்தப்பாவைப் பற்றி ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அக்கா படித்த செய்தி அவருக்குப் பொருந்தலாம். அவருடைய வைத்தியரிடம் அவர் கேட்கட்டும்.

அரசாங்க வைத்தியசாலையில் உங்கள் சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. ஆகவே அக்காவின் பணத்தை மறுக்காமல் வேறு விதத்தில் கேளுங்கள். சிகிச்சை முடிந்த அன்றே இரவு பஸ்ஸில் நெருக்கியடித்து, பக்கத்தில் கர்ப்பிணியோ கைக்குழந்தையோ இருக்க, ஏறக்குறைய நானூறு கிலோமீற்றர் திரும்பி வருவது சரியல்ல. கொழும்பில் சில நாள் தனி அறையில் தங்குவதற்கு, அல்லது சாரதிக்குத் தூரமாகப் பின் ஆசனத்தில் நீங்கள் மட்டும் இருந்துவர ஒரு வான் பிடிப்பதற்கு அந்தப் பணம் உதவும். நீங்கள் இல்லாத நாட்களில் மாமிக்குத் துணையாகப் பிள்ளையைப் பார்க்க ஒருவரை வைப்பதற்கும் உதவும். கணவர் வரும்போது விமான நிலையத்துக்குப் போவதாக இருந்தால் சிகிச்சைக் கடிதத்தைக் கையோடு கொண்டு போங்கள்; அங்குள்ள கதிர் உணரிகள் சில வாரங்களுக்கு உங்களைக் கண்டு ஒலிக்கக்கூடும்.

ஆய்வறிக்கையின் இரண்டாம் பக்கமும் தைரோகுளோபுலின் முடிவும் கைக்குக் கிடைத்ததும் மறுபடி எழுதுங்கள். கல்சியத்துக்கு மட்டும் என் பதிலையோ வேறு யாருடைய பதிலையோ எதிர்பார்க்கவேண்டாம், இன்றே போங்கள்.